ஒரே லேப்டாப், இரண்டு டிஸ்க், இரண்டு சிஸ்டம்: வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம்; கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கேள்வி: அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 11 லேப்டாப்பில் டேலி, ஜி.எஸ்.டி. வேலை எல்லாம் ஓடுகிறது. பொறியியல் படிக்கும் மகள் அதிலேயே லினக்ஸ் வேண்டும் என்கிறாள். இருக்கிற டிஸ்கையே பிரித்துப் போட்டுவிடலாம், தனி டிஸ்க் வீண் செலவு என்கிறார் கடைக்காரர். சரியா? தனியாகப் போடுவதானால் எப்படி? – ஒரு வாசகர், புதுவயல்

பதில்: வீண் செலவு இல்லை. ஆலைக் கணக்கு இருக்கிற டிஸ்கில் கை வைக்காமல் வேலை முடியும் என்பதற்கே அந்தப் பணம் தகும். பார்ட்டிஷனைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் அணைந்துவிட்டால் போவது டேலி டேட்டா. ஆனால் அது எப்போதாவது நடப்பது. அடிக்கடி வரும் தொல்லை வேறு.

விண்டோஸை நிறுவும்போது அது டிஸ்கில் ஃபேட்32 வடிவில் ஒரு சின்னப் பகுதியை, பெரும்பாலும் 100 எம்.பி., ஒதுக்கிக்கொள்ளும். இதுதான் இ.எஃப்.ஐ. பகுதி. பவர் பட்டனை அழுத்தியதும் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) போய் எடுப்பது இதில் இருக்கும் பூட் கோப்பைத்தான். ஒரே டிஸ்கில் இரண்டு சிஸ்டம் போட்டால் இரண்டும் அந்த 100 எம்.பி.க்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும். ஒன்றை நீக்கினால், புதுப்பித்தால், இன்னொன்று தொடங்காமல் போகும். தனி டிஸ்க் போடுவதன் பலனே, ஒவ்வொரு டிஸ்கிலும் அதனதன் இ.எஃப்.ஐ. பகுதி இருப்பதில்தான். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் இரண்டு டிஸ்க் வாங்கியும் ஒரே டிஸ்கின் தொல்லைதான் மிஞ்சும்.

முதலில் இடம் இருக்கிறதா பாருங்கள். மாடல் எண்ணைப் போட்டு உற்பத்தியாளரின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் படித்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். மூன்று வகை லேப்டாப்புகள் உண்டு. இரண்டு எம்.2 ஸ்லாட் (சின்னப் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி. செருகும் இடம்) உள்ளவை, ஒரு எம்.2 ஸ்லாட்டும் 2.5 அங்குல டிஸ்குக்கான இடமும் உள்ளவை. ஒரே ஸ்லாட் மட்டும் உள்ளவை. இரண்டாம் வகையில் ஏமாற வாய்ப்பு அதிகம். இடம் காலியாக இருக்கும், ஆனால் மதர்போர்டுக்குப் போகும் தட்டையான ரிப்பன் கேபிளும் டிஸ்கைப் பிடிக்கும் தகடும் தராமல் விற்றிருப்பார்கள். அந்த கேபிள் மாடலுக்கு மாடல் வேறு. பார்ட் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். சில மாடல்களில் பெரிய பேட்டரி போட்ட பதிப்பில் அந்த இடத்தையே பேட்டரி அடைத்திருக்கும்.

எம்.2 வாங்கும்போது 2280 அளவு, அதாவது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்தானா, 2242ஆ என்று பாருங்கள். அடுத்து என்.வி.எம்.இ.யா, சாட்டாவா என்பது; இவை டிஸ்க் மதர்போர்டோடு பேசும் இரண்டு முறைகள். சாட்டா வகை எம்.2வில் பொதுவாக இரண்டு வெட்டு இருக்கும், என்.வி.எம்.இ.யில் ஒன்று. இரண்டு வெட்டு உள்ளது என்.வி.எம்.இ. ஸ்லாட்டிலும் போய் உட்காரும். ஸ்லாட்டுக்கு சாட்டா வசதி இல்லாவிட்டால் பயாஸில் தெரியவே தெரியாது. டிஸ்க் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடும் பலருக்கு நடந்திருப்பது இதுதான். வைஃபை அட்டை இருக்கும் குட்டி ஸ்லாட் இதற்கானது அல்ல. லினக்ஸுக்கு 256 ஜி.பி. தாராளம். விண்டோஸ் டிஸ்க் 512 என்றால் புதியது 512 வேண்டாம். கொள்ளளவு வேறாக இருந்தால் நிறுவும் திரையில் எது எது என்று குழம்பாது.

இனி வேலை. டேலி டேட்டாவை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணையுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் (இதைப் பற்றி கீழே 48 இலக்க எண் பற்றிய கேள்வியில்). 8 ஜி.பி. பென்டிரைவில் ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு லினக்ஸின் வகைகளான மின்ட் அல்லது உபுண்டுவை எழுதுங்கள். பார்ட்டிஷன் முறை ஜி.பி.டி., இலக்கு யூ.இ.எஃப்.ஐ.

லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டை இடத்தில் முடுக்கினால் மேல்பக்கம் உள்ளங்கை வைக்கும் பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும். எம்.2வைச் சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, மெல்ல அழுத்தி, எம்2 ஸ்குரூவால் பிடிக்க வேண்டும். ஸ்குரூ பல நேரம் டிஸ்குடன் வராது. தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது முக்கியமான இடம். விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். புதிய டிஸ்க் மட்டும் இருக்க, பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவுங்கள். ‘டிஸ்க் முழுதையும் அழித்து நிறுவு’ என்பதைப் பயமின்றி அழுத்தலாம். அழிய வேறெதுவும் இல்லை. கழற்றாமல் செய்தால் என்ன? உபுண்டுவின் பழைய நிறுவிக்கும், இன்றும் அதையே பயன்படுத்தும் மின்ட்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம்: பூட்லோடரை (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை) எந்த டிஸ்கில் போட வேண்டும் என்று உங்களைக் கேட்கும், நீங்கள் இரண்டாவது டிஸ்கைக் காட்டுவீர்கள், அது கண்ணில் பட்ட முதல் இ.எஃப்.ஐ. பகுதியில், அதாவது விண்டோஸின் பகுதியில், கொண்டுபோய்ப் போடும். விண்டோஸ் நிறுவியும் இதற்குச் சளைத்ததல்ல.

லினக்ஸ் ஒரு முறை சரியாகத் தொடங்கியதும் அணைத்து, விண்டோஸ் டிஸ்கை மாட்டி, பயாஸில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் வரும்படி வரிசையை வையுங்கள். உங்களுக்குத் தினசரி எதுவும் மாறாது. மகள் வேண்டும்போது பூட் மெனுச் சாவியை அழுத்தி மற்றதைத் தேர்ந்தெடுப்பார்: டெல், லெனோவோவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப், ஏசரில் எஃப்12, ஆனால் பல மாடல்களில் அதை முதலில் பயாஸுக்குள் போய் இயக்கிவிட வேண்டும்.

டிஸ்கைக் கழற்ற முடியாத நிலை என்றால், டெல் லாட்டிட்யூட் போன்ற அலுவலக மாடல்களின் பயாஸில் ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனியே அணைக்க டிக் பெட்டிகள் உண்டு. அதுவும் இல்லையா? லினக்ஸ் பென்டிரைவில் தொடங்கி, ஜிபார்ட்டட் நிரலில் விண்டோஸின் இ.எஃப்.ஐ. பகுதிக்கு இருக்கும் ‘பூட்’, ‘இ.எஸ்.பி.’ கொடிகளை நீக்கிவிட்டு நிறுவுங்கள். முடிந்ததும் திரும்ப வைத்துவிட வேண்டும். மறந்தால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

கேள்வி: டைல் பட்டறை வைத்திருக்கிறோம். லேப்டாப்பில் இரண்டாவது எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் வைத்தோம். ஆறு மாதம் நன்றாக ஓடியது. அந்த எஸ்.எஸ்.டி.யை வேறு வேலைக்காகக் கழற்றியதும் கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்று மட்டும் வந்து நிற்கிறது. டிசைன் எல்லாம் விண்டோஸில் இருக்கிறது. போய்விட்டதா? – ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: போகவில்லை. மேலே சொன்ன கெட்ட பழக்கத்தின் விளைவுதான் இது. லினக்ஸ் இருந்தது இரண்டாவது டிஸ்கில். அதன் பூட்லோடரான கிரப் போய் உட்கார்ந்தது விண்டோஸ் டிஸ்கில். கிரப் தன் அமைப்புக் கோப்பை இரண்டாவது டிஸ்கில் தேடுகிறது, அது இல்லை, நிற்கிறது. பூட் மெனுச் சாவியை அழுத்தி ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ தேர்ந்தெடுங்கள். வந்துவிடும். பிறகு பயாஸில் அதையே முதலிடத்தில் வைத்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி.யைத் திரும்ப மாட்டப்போகிறீர்கள் என்றால் அடிப்படையையே சரிசெய்வது நல்லது. லினக்ஸ் பென்டிரைவில் தொடங்கி, ஜிபார்ட்டட்டில் அந்த எஸ்.எஸ்.டி.யில் 512 எம்.பி. இடம் எடுத்து ஃபேட்32 ஆக்கி, ‘இ.எஸ்.பி.’ கொடி வையுங்கள். பிறகு நிறுவிய லினக்ஸுக்குள் போய், எந்தப் பகுதி எங்கே என்று குறித்திருக்கும் ‘எஃப்ஸ்டேப்’ கோப்பில் பூட்-இ.எஃப்.ஐ. வரியில் இருக்கும் பழைய அடையாள எண்ணுக்குப் பதில் புதிய பகுதியின் எண்ணை எழுதி, லேப்டாப்பை மறுபடி தொடங்கி, ‘சூடோ கிரப்-இன்ஸ்டால்’ கொடுங்கள். இரண்டு டிஸ்கும் தனித்தனியே தொடங்குவதைப் பார்த்த பிறகே விண்டோஸ் பகுதியில் கிடக்கும் ‘உபுண்டு’ கோப்புறையை அழிக்கலாம். அதற்கு முன் அழித்தால் திரும்பி வரப் பாதை இருக்காது.

இதன் மறுபக்கமும் பட்டறைகளில் நடக்கிறது. பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போதே புதிய டிஸ்கில் விண்டோஸ் போடுவார்கள். விண்டோஸ் தன் பூட் கோப்புகளைப் பழைய டிஸ்கில் வைத்துவிடும். பழையதைக் கழற்றும் நாளில் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வரும். அதற்கு மருந்து: விண்டோஸ் பென்டிரைவில் தொடங்கி, முதல் திரையில் ஷிஃப்ட் + எஃப்10. வரும் கறுப்பு ஜன்னலில் ‘டிஸ்க்பார்ட்’. விண்டோஸ் இருக்கும் வால்யூமைத் தேர்ந்தெடுத்து ‘ஷ்ரிங்க் டிசையர்ட்=300’; அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் பார்ட்டிஷன் இ.எஃப்.ஐ. சைஸ்=260’; ‘ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32’; ‘அசைன் லெட்டர்=எஸ்’; ‘எக்ஸிட்’. கடைசியாக ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ’. பென்டிரைவில் தொடங்கும்போது விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்து சி ஆக இல்லாமல் டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். ‘லிஸ்ட் வால்யூம்’ கொடுத்து அளவை வைத்து உறுதிசெய்யுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் முதலில் மீட்புச் சாவியால் திறக்க வேண்டும்.

கேள்வி: இரண்டாவது டிஸ்க் மாட்டியதும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நாங்கள் எந்த பாஸ்வேர்டும் வைக்கவில்லையே? – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் பிட்லாக்கர் டிஸ்கைத் தானாகப் பூட்டிவிடுகிறது. புது லேப்டாப்புகள் பலவும் அப்படியே வருகின்றன. பூட்டின் சாவி மதர்போர்டில் இருக்கும் டி.பி.எம். சில்லில். பூட் வரிசை, செக்யூர் பூட் (நம்பகமான பூட்லோடரை மட்டும் ஏற்கும் அமைப்பு) போன்றவை மாறினால் அந்தச் சில்லு சாவியைத் தராது. கைபேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் ‘ரெக்கவரி கீ’ பாருங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். ஒரே கணக்கில் பழைய லேப்டாப்பின் சாவியும் கிடக்கும். லேப்டாப்பைத் தொடங்கிக் கொடுத்தவர் தன் கணக்கில் நுழைந்திருந்தால் சாவியும் அவர் கணக்கில்தான். இது பலரைச் சிக்கவைக்கிறது.

அடுத்த முறை மூடியைத் திறக்கும் முன், அட்மின் அனுமதியோடு ‘மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிசேபிள் சி: -ரீபூட்கவுண்ட் 0’ கொடுத்துப் பூட்டை நிறுத்திவையுங்கள், வேலை முடிந்ததும் ‘-எனேபிள்’. லினக்ஸின் கிரப் மெனு வழியாக விண்டோஸுக்குப் போனாலும் இதே நீலத் திரை வரக்கூடும். இரண்டு டிஸ்க் இருப்பவர்களுக்கு கிரப் மெனுவில் விண்டோஸ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பது எங்கள் கருத்து. கிரப் 2.06 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலை அணைத்தே வருகிறது, அப்படியே விட்டுவிடுங்கள். பூட் மெனுச் சாவி போதும்.

கேள்வி: உபுண்டு நிறுவும்போது ‘ஆர்.எஸ்.டி.யை அணை’ என்று சொல்லி நிற்கிறது. பயாஸில் அணைத்தால் விண்டோஸ் தொடங்கவில்லை. – ஒரு கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

பதில்: டிஸ்கை இன்டெல் தன் வழியில் நிர்வகிக்கும் ஆர்.எஸ்.டி. முறையில் இருக்கும்போது டிஸ்க் லினக்ஸ் நிறுவிக்குத் தெரியாமல் போகலாம், அதைப் பொதுவான முறையான ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றினால், பழைய முறைக்கான டிரைவரோடு தொடங்கும் விண்டோஸ் தடுமாறும். இதற்கு இடைவழி சேஃப் மோடு. முதலில் பயாஸைப் பழையபடி மாற்றி விண்டோஸுக்குள் வாருங்கள். ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து பூட் தாவலில் ‘சேஃப் பூட்’ டிக் செய்து மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் வருமுன் பயாஸுக்குள் புகுந்து ஏ.எச்.சி.ஐ. வையுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் வரும், புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல் தொடங்கலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் முழு பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். 48 இலக்கச் சாவியும்.

ஏசர் லேப்டாப்பில் அந்த அமைப்பே கண்ணில் படாவிட்டால், பயாஸின் ‘மெயின்’ தாவலில் கன்ட்ரோல் + எஸ் அழுத்துங்கள்; மறைந்திருக்கும் வரி வெளிவரும். 11ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து இதே விஷயம் வி.எம்.டி. என்ற பெயரில் இருக்கிறது. அவற்றில் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போதும் டிஸ்க் பட்டியல் காலியாக வரும். இன்டெல்லின் டிரைவரைப் பென்டிரைவில் விரித்து வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுக்க வேண்டும்.

கேள்வி: தங்கும் விடுதியில் பழைய லேப்டாப் ஒன்று, விண்டோஸ் 10. டிவிடி டிரைவ் சும்மா கிடக்கிறது. அந்த இடத்தில் டிஸ்க் போட்டு லினக்ஸ் வைக்கலாமா? – ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வைக்கலாம். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் நெட் வேலையை லினக்ஸுக்கு மாற்றுவது நல்லதும்கூட. டிவிடி டிரைவைக் கழற்றி அதன் தடிமனை ஸ்கேலால் அளந்துவிட்டு, கடையில் ‘கேடி’ (டிவிடி டிரைவின் இடத்தில் டிஸ்கைப் பிடிக்கும் சட்டம்) என்று கேளுங்கள், 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு உண்டு. 9.5 இடத்தில் 12.7 உள்ளே போகவே போகாது, 12.7 இடத்தில் 9.5 தொளதொளவென்று ஆடும். முன்பக்க மூடியைப் பழைய டிவிடி டிரைவிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

எது எங்கே என்பதில் யோசனை தேவை. சில பழைய மதர்போர்டுகளில் டிவிடி இணைப்பின் வேகம் குறைவு. சிலவற்றில் அங்கிருக்கும் டிஸ்கிலிருந்து பயாஸ் பூட் செய்யவே செய்யாது. அதிகம் பயன்படுத்தப்போகும் சிஸ்டத்தின் எஸ்.எஸ்.டி.யை உள்ளே மெயின் இடத்தில் வையுங்கள். கேடியில் இருப்பது பூட் மெனுவில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

நிறுவும் முன் விண்டோஸில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ திறந்து ‘பயாஸ் மோடு’ வரியைப் படியுங்கள். ‘லெகசி’ (யூ.இ.எஃப்.ஐ.க்கு முந்தைய பழைய பூட் முறை) என்றிருந்தால் லினக்ஸையும் லெகசியில்தான் நிறுவ வேண்டும்: பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் ‘யூ.இ.எஃப்.ஐ.’ என்று முன்னால் போடாததைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று லெகசி, இன்னொன்று யூ.இ.எஃப்.ஐ. என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். லெகசியில் பூட்லோடர் நீங்கள் காட்டும் டிஸ்கிலேயே போகும். பார்ட்டிஷனை அல்ல, டிஸ்கைக் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் பர்மாக் காலத்து வட்டிக்கடைக் கணக்கேடுகளை ஸ்கேன் செய்கிறோம். ஸ்கேனர் விண்டோஸில், படம் திருத்துவது லினக்ஸில். இரண்டுக்கும் பொதுவாக எங்கே வைப்பது? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: 300 டி.பி.ஐ. கலரில் ஏ4 அளவுப் பக்கம் ஒன்று, சுருக்காத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 26 எம்.பி. ஆயிரம் பக்கத்துக்கு 26 ஜி.பி. ஆகவே லினக்ஸ் டிஸ்கில் 100 ஜி.பி.யை லினக்ஸுக்கு விட்டு, மிச்சத்தை என்.டி.எஃப்.எஸ். வடிவில் பொதுக் கிடங்காக வையுங்கள். எக்ஸ்ஃபேட்டும் இரண்டிலும் திறக்கும், ஆனால் எழுதும் நடுவில் கரண்ட் போனால் மீள்வதற்கான பதிவேடு அதில் இல்லை. அது பென்டிரைவுக்குச் சரி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைக்கப்பட்டிருப்பது இங்கே கட்டாயம். அது இயங்கினால் விண்டோஸ் உண்மையில் அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் விடும்.

இன்னொன்று, கோப்புப் பெயர். லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் வைக்கலாம். விண்டோஸ் அவற்றைத் திறக்காது. ‘1932-05-பேரேடு-014’ போலக் கோடு போட்டே எழுதுங்கள். பகுதியில் பிழை வந்தால் விண்டோஸின் ‘செக்டிஸ்க்’ கொண்டு சரிசெய்யுங்கள். லினக்ஸ் கருவிகள் இதில் அரைகுறை.

கேள்வி: லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. பேட்டரி செல் மாற்றியும் போகவில்லை. – ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: செல்லின் குற்றம் இல்லை. டிஸ்க் இரண்டானாலும் மதர்போர்டுக் கடிகாரம் ஒன்று. லினக்ஸ் அதில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒரு முறை கொடுத்தால் போதும். பில் போடும் லேப்டாப் என்றால் உடனே செய்யுங்கள்: விடியற்காலை ஐந்தரைக்கு முன் போடும் பில்லில் முந்தைய நாள் தேதி விழும்.

மதர்போர்டு ஒன்றே என்பதற்கு இன்னொரு உதாரணம் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட். அது பழைய லினக்ஸ் பூட்லோடர்களை செக்யூர் பூட் ஏற்காதபடி மதர்போர்டின் நினைவில் குறித்துவைத்தது. தனி டிஸ்க் வைத்திருந்தவர்களின் லினக்ஸும் ‘எஸ்.பி.ஏ.டி.’ பிழை காட்டி நின்றது. அப்படி வந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைப் புதுப்பித்து, மறுபடி இயக்குங்கள்.

கேள்வி: ஒரே ஸ்லாட் உள்ள லேப்டாப். யு.எஸ்.பி. எஸ்.எஸ்.டி.யில் இரண்டாவது சிஸ்டம் வைக்கலாமா? – ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: லினக்ஸ் என்றால் தாராளமாக. யு.எஸ்.பி. 3 போர்ட்டில் மாட்டுங்கள். பென்டிரைவ் வேண்டாம், சின்னச் சின்னதாக எழுதும் வேலையில் அது ஊர்ந்துபோகும், சீக்கிரம் தேயும். நிறுவும்போது உள் டிஸ்கைக் கழற்றும் விதி இங்கும் உண்டு. சில லேப்டாப்புகள் யு.எஸ்.பி. டிஸ்கைப் பிடுங்கியதும் அதன் பூட் பதிவை மறந்துவிடும். உபுண்டுவும் மின்ட்டும் பொதுவான இடத்திலும் ஒரு பூட் கோப்பை வைப்பதால் மீண்டு வரும், டெபியனில் ‘கிரப்-இன்ஸ்டால் --ரிமூவபிள்’ நீங்களே கொடுக்க வேண்டும். விண்டோஸ் நிறுவியோ யு.எஸ்.பி. டிஸ்கை ஏற்காது. அதற்கென்றிருந்த ‘விண்டோஸ் டு கோ’ 2020இலேயே நீக்கப்பட்டது. ரூஃபஸில் அந்தப் பெயரில் ஒரு வசதி இன்னும் இருக்கிறது, சோதனைக்கு உதவும். கணக்கு வழக்கை அதில் வைக்க வேண்டாம்.